தீயை விலக்கிய காடு

காட்டில் தீ வைப்பது குற்றமா? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இதற்குத் தயக்கமில்லாமல் விடை சொல்கிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது அதன் 26ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 30ஆம் பிரிவில் சரணாலயங்களுக்கும் இதையே விதிக்கிறது. தமிழ்நாட்டின் வனச் சட்டம் இவை இரண்டுக்கும் மூத்தது, 1882ஆம் ஆண்டினது. தீயைப் பற்றி அதன் நிலையும் வேறில்லை.

ஆனாலும் கோடை தொடங்குமுன் வனத்துறையே காட்டுக்குள் தீ வைக்கிறது. தீத்தடுப்புக் கோடுகளில் செதுக்கிய புல்லையும் குவிந்த சருகையும் எரித்து, பெருந்தீ தாண்டி வராதபடி வெற்று நிலப் பட்டைகளை உண்டாக்குகிறார்கள். அதே மாதத்தில், அதே சருகில், காட்டுக்குள் வாழும் ஒருவர் தீ வைத்தால் வழக்குப் பதிவாகும். ஆகவே நடைமுறையில் கேள்வி வேறு வடிவம் கொள்கிறது: எந்தத் தீ, எந்தக் காட்டில், எந்த மாதத்தில், யார் கையால்? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு 160 ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று முரணானவை. அவை எங்கே பிறந்தன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. தீயைப் பற்றியதாகத் தோன்றும் இந்த விவாதத்தில் பெரும்பகுதி, காடு யாருக்கு உரியது என்பதைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முழு விலக்கு

1864இல் இந்திய வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைவரானவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ். அவர் காலத்து ஐரோப்பிய வனவியலில் தீ என்பது காட்டின் பகை. மரம் ஒரு முதலீடு, விதைத்து நூறாண்டு காத்திருந்து வெட்ட வேண்டிய விளைச்சல். இரயில் பாதைகளின் குறுக்குக் கட்டைகளுக்குத் தேக்கும் சால மரமும் பெருமளவில் தேவைப்பட்ட காலம் அது. ஆண்டுதோறும் எரிவதே இயல்பு என்று எல்லாரும் ஏற்றிருந்த இந்தியக் காடுகளில் தீயைத் தடுக்க முடியுமா என்பதே அன்று ஐயமாக இருந்தது. மத்திய மாகாணத்தின் போரி காட்டில் பியர்சன் என்ற அதிகாரி 1860களில் அதைச் செய்து காட்டினார். அந்த வெற்றி துறையின் கொள்கையாயிற்று. 1878ஆம் ஆண்டின் வனச் சட்டம் அதற்குத் தண்டனை அதிகாரத்தைக் கொடுத்தது.

இந்த நிலைப்பாட்டைப் பேராசை என்று மட்டும் ஒதுக்குவது நேர்மையாகாது. தொடர்ந்து எரியும் காட்டில் நாற்றுகள் நிலைப்பதில்லை, மண் வெறுமையாகி முதல் மழையிலேயே அரித்துப் போகிறது என்பவை அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் அதற்குள் வேறொரு கணக்கும் இருந்தது. தீ வைத்தவர்கள் மேய்ச்சல்காரர்கள், காட்டெரிப்பு வேளாண்மை செய்தவர்கள், தேனும் நெல்லியும் எடுத்தவர்கள். தீயைத் தடை செய்தால் இவர்கள் எல்லாரும் ஒரே ஆணையில் காட்டுக்கு அந்நியராவார்கள். அப்படியே நடந்தது. காட்டில் உரிமை பெற்றவர்கள் தீயணைக்க வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் சட்டம் அவர்கள்மேல் வைத்தது. வைக்கும் உரிமை போயிற்று, அணைக்கும் கடமை மட்டும் எஞ்சியது.

துறைக்குள்ளிருந்தே எழுந்த மறுப்பு

பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. முழு விலக்குக் கொள்கையை முதலில் வலுவாக எதிர்த்தவர்களில் வனத்துறை அதிகாரிகளே இருந்தார்கள். பர்மாவில் பணியாற்றிய ஸ்லேட் 1896இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில், பர்மாவில் தீக்காப்பு மிதமிஞ்சிவிட்டது என்று எழுதினார். அவர் சுட்டியது எளிய உண்மை. தேக்குக் கன்றுக்கு வெயில் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த பர்மியக் காடுகளில் தீயைத் தடுத்தால் மூங்கிலும் பசுமைமாறா மரங்களும் அடர்ந்து நிழல் மூடிவிடுகிறது. தேக்குக் கன்று எரிந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும், போட்டியிடும் பல செடிகளுக்கு அந்த வலிமை இல்லை. எந்த மரத்துக்காகத் தீயை விலக்கினார்களோ அந்த மரமே குறையத் தொடங்கியது. நீண்ட வாதத்துக்குப் பின் 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளில் தீக்காப்பு கைவிடப்பட்டது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஈரச் சால மரக்காடுகளில் இதே சிக்கல் தலைதூக்கியது. சால நாற்று வராத இடங்களில் அதிகாரிகளே திட்டமிட்டு எரிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு முரணும் பர்மாவில் இருந்தது. தேக்குத் தோட்டங்களை உருவாக்கத் துறை பயன்படுத்திய முறை 'தவுங்யா'. கரேன் மக்கள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும்போதே தேக்கு விதையையும் ஊன்றுவார்கள், ஓரிரு ஆண்டில் நிலத்தைத் துறையிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தடை செய்யப்பட்ட அதே தீ, துறையின் வருவாய்க்கு உதவும்போது ஏற்புடையதாயிற்று.

இந்த மறுப்பின் குறை என்ன? அது மரத்தின் பக்கம் நின்று பேசியது. எரிப்பதா வேண்டாமா என்பதைத் தேக்கும் சாலமும் எப்படி முளைக்கின்றன என்பதை வைத்தே தீர்மானித்தது. புல், விலங்கு, அங்கே வாழும் மக்கள் ஆகியோர் கணக்கில் வரவில்லை. தீ வைக்கும் உரிமையும் முடிவெடுக்கும் அதிகாரமும் துறையிடமே இருந்தன.

குமாவுன், 1921

1910களில், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் பெரும் பரப்புகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. மேய்ச்சலுக்கான புல் வேண்டி ஆண்டுதோறும் எரித்து வந்த மக்களின் வழக்கம் குற்றமாயிற்று. 1916இலும், அதைவிடப் பெரிதாக 1921 கோடையிலும், பைன் காடுகள் தொடர்ந்து எரிந்தன. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இதை ஆராய்ந்து, அத்தீ கண்மூடித்தனமானது இல்லை என்று வாதிட்டார். பிசினும் மரமும் எடுக்கும் வணிகப் பைன் பகுதிகளே எரிந்தன என்பதும், மக்களுக்குத் தழையும் தண்ணீரும் தந்த அகன்ற இலைக் காடுகள் தப்பின என்பதும் அவர் வாதத்தின் மையம். அரசு குறைகேட்புக் குழு அமைத்தது, கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன.

இந்த விளக்கம் எல்லா இடத்துத் தீக்கும் பொருந்தும் என்று நீட்டுவது சரியாகாது. கவனக்குறைவால் வீசிய பீடித்துண்டும் காட்டை எரிக்கும். ஆயினும், தீயைத் தடுக்கும் கொள்கையே தீ வைக்கத் தூண்டலாம் என்பதைக் குமாவுன் பதிவு செய்துவிட்டது.

சருகுத்தீயும் உண்ணிச்செடியும்

இன்றைய விவாதம் மிக நுட்பமாக நடக்கும் இடம் நம் அண்டையிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமாயிற்று. அங்கு வாழும் சோளகர்கள், சத்தியமங்கலம் மலைகளில் வாழும் சோளகர்களின் உறவினர். கோடை முற்றுமுன், சருகில் இரவுப் பனியின் ஈரம் மீதமிருக்கும்போது, காட்டின் தரையில் அவர்கள் சிறு தீ வைத்து வந்தார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'தரகு பெங்கி', அதாவது சருகுத்தீ. அது முழங்காலுக்கு மேல் எழாது, அங்கங்கே எரிந்து அங்கங்கே தானாக அணையும் என்கிறார்கள். சரணாலயம் வந்ததும் அது நின்றது. 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் தேன், நெல்லி, பாசி எடுத்து விற்பதும் தடைப்பட்டது. காட்டுக்குள் மக்கள் நடமாட்டமே குறைந்தது.

சோளகர்களின் கூற்று இரண்டு. தீ நின்றதால் உண்ணிச்செடி பெருகியது என்பது ஒன்று. தீ நின்றதால் நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி மரங்கள் சாகின்றன என்பது மற்றொன்று. இரண்டையும் ஆய்வாளர்கள் பொருட்படுத்தி எடுத்துக்கொண்டார்கள். உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. பிளிகிரிரங்கன் மலையில் 1997இல் ஆய்வு செய்த அதே இடங்களை 2008இல் மீண்டும் பார்த்தபோது, அது இருந்த இடங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஆய்வாளர்களின் நேர்மை. அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் இருவரும் 2005இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள்: அடிக்கடி தீ வருவதால் உண்ணிச்செடி பரவுகிறது, பரவிய உண்ணிச்செடி தீயை இன்னும் வளர்க்கிறது, இது ஒரு சுழற்சி. தீயே குற்றவாளி என்பது அதன் பொருள். பின்னர் சோளகர்களிடம் விரிவாகப் பேசியபோது கிடைத்த விளக்கம் இதற்கு நேர் எதிரானது. அதையும் அவர்கள் 2012இல் கூட்டாக எழுதிய கட்டுரையில் பதிவு செய்தார்கள். சூடான பிற்கோடைத் தீயும் ஈரமுள்ள முன்கோடைத் தீயும் ஒரே பெயரில் ஒரே கணக்கில் எழுதப்பட்டால் இரு விளக்கங்களும் மோதத்தான் செய்யும்.

எதிர்த்தரப்பின் சான்றும் கனமானது. முதுமலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரிடம் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை எரிந்ததாகவும், 1989 முதல் 2002 வரையான காலத்தில் அது மூன்றாண்டு சொச்சத்துக்கு ஒரு முறை என்று நெருங்கிவிட்டதாகவும் நரேந்திரன் கோடண்டபாணி, இராமன் சுகுமார் உள்ளிட்டோரின் 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் தொடர்ந்து கண்காணிக்கும் 50 ஹெக்டேர் நிலத்தில், பெருமரங்கள் தீயைத் தாங்குகின்றன, இளங்கன்றுகள் மடிகின்றன. அப்படியானால் இன்றைய சிக்கல் தீக்குறைவா, தீமிகையா? மக்கள் வைத்த தீ நின்றுவிட்ட காட்டில் தீ நிற்கவில்லை, வேறு மாதத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பதே இரு சான்றுகளையும் இணைத்துப் பார்க்கும்போது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இது நிறுவப்பட்ட முடிவு இல்லை.

2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அதற்கு ஓராண்டு முன், 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் தீயில் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். குரங்கணிக்குப் பின் தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் புல் ஆளுயரம் காய்ந்து நிற்கும் சரிவுகளை மார்ச் மாதத்துக்கு முன் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த விதிகளில் இடமில்லை.

ஒரு முக்கியமான வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேற்சொன்னவை எல்லாம் இலையுதிர் காட்டைப் பற்றியவை. சோலைக்காடும் மழைக்காடும் வேறு. அங்குள்ள மரங்கள் தீயோடு பழகாதவை, ஒரு முறை எரிந்தாலும் ஓரம் சுருங்கும், மீள்வதற்குத் தலைமுறைகள் ஆகும். அங்கே முழு விலக்கு என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை.

பத்து மணி விதி

தீயை விலக்கினால் நீண்டகாலத்தில் என்ன ஆகும் என்பதை அறிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பார்க்கலாம். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மோன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. ஐந்து வயதே ஆன வனச் சேவைத் துறைக்கு அது ஆறாத வடுவாயிற்று. அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் நில உடைமையாளர் சிலர், பழங்குடியினரைப் போல அடிக்கடி இலேசாக எரிப்பதே நல்லது என்றார்கள். துறை அதைப் 'பையூட் வனவியல்' என்று ஒரு பழங்குடியின் பெயரால் இழித்துப் பேசியது. 1935இல் வந்தது பத்து மணி விதி: எந்தத் தீயாக இருந்தாலும், தகவல் வந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கப்பட வேண்டும்.

விதி நன்றாகவே வேலை செய்தது. அதனால்தான் சிக்கல் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தரையில் எரிந்து வந்த பைன் காடுகளில் சருகும் இளமரமும் அடர்ந்து, தரைத்தீ மரத்தின் உச்சிக்கு ஏறப் படி அமைந்தது. 1968இல் தேசியப் பூங்காத் துறையும் 1978இல் வனச் சேவைத் துறையும் கொள்கையை மாற்றின. மாற்றமும் எளிதாக அமையவில்லை. 2022இல் நியூ மெக்சிகோவில் துறையே திட்டமிட்டு வைத்த தீ கைமீறி, அம்மாநில வரலாற்றிலேயே பெரிதாக, 3.4 லட்சம் ஏக்கரை எரித்தது.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் இறந்தபோது அரசியல் உச்சத்துக்குப் போனது. காட்டு மேலாண்மை மோசம் என்றார் அதிபர் டிரம்ப், பின்லாந்துபோலத் தரையைப் பெருக்கி வைத்திருக்க வேண்டும் என்றார். காலநிலை மாற்றம் என்றார்கள் மாநிலத் தலைவர்கள். கலிஃபோர்னியாவின் வனப்பரப்பில் பாதிக்கு மேல் கூட்டரசின் பொறுப்பில் இருக்கிறது என்பது முதல் வாதத்தைச் சங்கடப்படுத்தும் உண்மை. பத்து மணி விதி விட்டுச் சென்ற சுமை மெய்யானது என்பது இரண்டாவது வாதத்தைச் சங்கடப்படுத்தும் உண்மை. அந்தத் தீ மின்நிறுவனம் ஒன்றின் பழைய மின்தடத்தில் தொடங்கியது என்பது இருவர் பேச்சிலும் பின்னுக்குப் போயிற்று. மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு 'தீத்தடுப்பு' என்ற சொல் வசதியான வாசலாகிவிடும் என்று சூழலியலாளர்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. பெருமரங்களே தீயைத் தாங்குபவை, ஆனால் விலை போவதும் பெருமரங்களே.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வேறொரு வழி தெரிகிறது. மேற்கு ஆர்ன்ஹெம் நிலப்பகுதியில் 2006 முதல் பழங்குடிக் காவலர்கள் வறள்பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்து அப்பருவ இறுதியின் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். குறையும் புகைக்கு எரிவாயு ஆலை ஒன்று பணம் கொடுத்தது. சருகுத்தீயின் தர்க்கத்தையே அங்கே அரசு, ஊதியம் பெறும் வேலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரு நிலங்களும் ஒன்றில்லை. அது புல் மிகுந்த சவானா, பிளிகிரிரங்கன் மலை மரம் அடர்ந்த காடு. ஒப்பீட்டை அளவோடு வைத்துக்கொள்வதே நல்லது.

பைன் ஊசியின் விலை

உத்தராகண்டில் வாதம் எரிபொருளைப் பற்றியது. சிப்கோ இயக்கத்தின் அலையில் 1981இல், 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. அதனால் பைன் மிகுந்தது, எண்ணெய்ப் பசையுள்ள அதன் ஊசிச் சருகு தீயைப் பெருக்குகிறது, தடையைத் தளர்த்துங்கள் என்கிறது ஒரு தரப்பு. பைன் பரவியது அதற்கும் முந்தைய வணிக வனவியலால், வெட்டுவதைத் திறந்தால் முதலில் போவது நல்ல மரமே என்கிறது மறு தரப்பு. 2016இலும் 2024இலும் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் இறைத்தன. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற பணியாளர்களில் நால்வர் அன்றே கருகி இறந்தார்கள். அதே ஆண்டு மாநில அரசு, பைன் சருகைச் சேகரித்துத் தருவோருக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. சருகை அள்ளினால் எரிபொருள் குறையும் என்பது சரி. செங்குத்துச் சரிவுகளில், சாலை இல்லாத காட்டில், எவ்வளவு அள்ள முடியும் என்பது வேறு கணக்கு.

வெப்பம்

காலநிலை வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதன் சான்று உறுதியானது. அமெரிக்க மேற்கில் 1984 முதல் 2015 வரை எரிந்த காட்டின் பரப்பு, மனிதரால் வந்த வெப்பமேற்றம் இல்லாதிருந்தால் எரிந்திருக்கக் கூடியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று அபட்சோக்லூ, வில்லியம்ஸ் இருவரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கை, வனப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீக்குள்ளாகக் கூடியது என்றது. வெயில் கூடினால் சருகு விரைவில் காயும், பாதுகாப்பாக எரிக்கக் கூடிய நாள்கள் குறையும். ஆனால் உள்ளூர் மேலாண்மைத் தவறுகளை மறைக்கும் போர்வையாகவும் இந்த வாதம் பயன்படுகிறது. வெப்பத்தைத் தணிப்பது வன அலுவலர் ஒருவரின் கையில் இல்லை, தீத்தடுப்புக் கோட்டை ஜனவரிக்குள் முடிப்பது அவர் கையில் இருக்கிறது. அதற்கான பணமும், கூலிக்கு அமர்த்தும் தீக்காவலர்களும் உரிய மாதத்தில் வந்து சேர வேண்டும்.

எவை இன்னும் தீரவில்லை

சோலைகளில் தீ கூடாது, வறண்ட காட்டில் அடிக்கடி வரும் சூடான தீ கன்றுகளைக் கொல்லும் என்ற இரண்டையும் ஏற்கலாம். முன்கோடைச் சிறுதீ உண்ணிச்செடியை அடக்குமா என்பது தீரவில்லை. உண்ணிச்செடி ஏற்கெனவே மண்டிவிட்ட இடத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. முழங்காலுக்குள் நின்ற சருகுத்தீ, ஆளுயரப் புதரில் பற்றினால் மர உச்சியைத் தொடும். அங்கே முதலில் செடியை வேரோடு அகற்ற வேண்டும், தீ பற்றிய பேச்சு அதன் பிறகுதான் பொருளுள்ளது. நெல்லி மரத்துப் புல்லுருவிக்கும் தீக்கும் உள்ள தொடர்பும் நீண்டகாலச் சோதனைக்குக் காத்திருக்கிறது.

சட்டத்தின் நிலையும் தெளிவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாளவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. பிளிகிரிரங்கன் மலையில் 2011இல் சோளகர்களுக்கு அந்த உரிமை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. மேலாளும் உரிமைக்குள் சருகுத்தீ அடங்குமா என்று வன உரிமைச் சட்டம் சொல்லவில்லை. வனவிலங்குச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது.

இந்நிலையில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. கிராம சபையும் வனத்துறையும் ஆய்வாளரும் சேர்ந்து, இலையுதிர் காட்டில் அளந்து குறித்த சில இடங்களில், குறித்த மாதத்தில், சோளகர்கள் சொல்லும் முறையில் எரித்து, எரிக்காத இடத்தோடு பத்தாண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரு தரப்பும் தம் சான்றை மற்றவர் முன் வைத்துச் சோதிக்கும் ஏற்பாடு இது. 2013இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலத்தில் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கலாம். தடை வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. சருகுத்தீ வைத்துப் பழகிய சோளகர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் காட்டுக்குள் நடந்து வந்து இடத்தைக் காட்டக் கூடிய காலத்திலேயே இது தொடங்க வேண்டும்.